வெயிலிலும் பனியிலும் கிடந்த போர் விமானங்கள்: காப்பாற்றப்பட்டவையா, பாழாக்கப்பட்டவையா?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நியூபரி என்ற ஊரில், வால்டர் சோப்லாட்டா என்பவர் தன் வீட்டுக் கொல்லையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானங்களைக் குவித்து வைத்திருந்ததைப் படங்களில் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். இறக்கை கழன்று, பாசி படிந்து, சுற்றிலும் மரம் மண்டிக் கிடந்த அந்த விமானங்களை அவர் காப்பாற்றினார் என்பதா, பாழாக்கினார் என்பதா? அவற்றில் ஏதாவது மறுபடி பறக்குமா? நம் ஊரில் கல்லூரி வாசலில் நிற்கும் பழைய விமானங்களுக்கும் இதே கதிதானா? மூன்று கேள்விகள் மாதிரித் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: சரியாகப் பராமரிக்க வசதியில்லாத ஒருவர் அரிய பொருளை எடுத்து வைத்துக்கொள்வது நல்லதா, கெட்டதா? என் பதில், பெரும்பாலும் நல்லது. ஆனால் எல்லாக் காலத்துக்கும், எல்லா விமானத்துக்கும் அல்ல. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் பிரிவில், அதாவது விமானத்தின் உடற்கட்டைப் பார்க்கும் பிரிவில், வேலை கற்றவன். பிறகு பல வருடம் பயணிகள் விமானங்களின் கட்டமைப்புப் பழுதுகளையும் உலோக அரிப்பையும் பார்க்கும் வேலையில் இருந்தேன். சோப்லாட்டாவின் கொல்லைக்கு நான் போனதில்லை. அவரைப் பற்றிச் சொல்வது பொதுவில் பதிவான விவரங்களை வைத்து; உலோகத்தைப் பற்றிச் சொல்வது கையால் தொட்டுப் பார்த்த அனுபவத்தை வைத்து. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் அந்தக் காலத்தின் நிலைமை. போர் நடந்த வருடங்களில் அமெரிக்கா ஏறத்தாழ 3,00,000 விமானங்களைக் கட்டியது. 1945-இல் போர் முடிந்ததும் அவை யாருக்கும் தேவையில்லை. அரிசோனாவின் கிங்மன், ஆர்க்கன்சாவின் வால்நட் ரிட்ஜ் போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கிங்மனில் மட்டும் 5,000-க்கு மேல். சில மணி நேரமே பறந்திருந்த புத்தம் புது விமானங்கள்கூட அந்தக் கூட்டத்தில் இருந்தன. அவற்றை வெட்டி, உலையில் போட்டு உருக்கி, அலுமினியக் கட்டியாக வார்த்து விற்றார்கள். அதைக் குற்றமாக யாரும் நினைக்கவில்லை. போர் விமானம் என்பது அன்றைக்கு எடைக்குப் போட வேண்டிய சரக்கு. ஜெட் வந்துவிட்டது, புரொப்பெல்லர் விமானம் பழசாகிவிட்டது, இடத்தை அடைக்கிறது, அவ்வளவுதான். அருங்காட்சியகங்கள்கூட ஒன்றிரண்டு மாதிரிகளுக்கு மேல் எடுத்து வைக்க ஆர்வம் காட்டவில்லை.

சோப்லாட்டா நுழைவது இந்த இடத்தில்தான். பணக்காரர் இல்லை. தச்சு வேலை செய்தவர், ஐந்து பிள்ளைகளின் தகப்பன். போர்க்காலத்தில் கிளீவ்லாந்தில் பழைய உலோகக் கிடங்கு ஒன்றில் விமான இன்ஜின்களை உடைக்கும் வேலை பார்த்திருக்கிறார். நாள் முழுக்க எதை உடைத்தாரோ அதன் மேலேயே அவருக்குப் பிடிப்பு விழுந்தது. 1940-களின் கடைசியில் வல்டி பிடி-15 என்ற பயிற்சி விமானத்தில் ஆரம்பித்து, கையில் காசு சேரும்போதெல்லாம் ஒன்று ஒன்றாக வாங்கினார். காயலான் கடைக்காரர் கொடுக்கிற எடை விலைதான் அவரும் கொடுத்தது. கழற்றி, சாலையில் கொண்டுபோகும் அளவுக்குப் பிரித்து, தானே வண்டி கட்டி இழுத்து, மனைவி பிள்ளைகளோடு சேர்ந்து கொல்லையில் இறக்கினார். 2010-இல் அவர் இறந்தபோது, முழுசும் பாதியுமாக அங்கே சுமார் 50 விமானங்களும் ஏராளமான இன்ஜின்களும் சேர்ந்திருந்தன என்று சொல்வார்கள். விற்றுப்போனவை, பாதி உடல்கள் இவற்றையெல்லாம் எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பதைப் பொறுத்து இந்த எண்ணிக்கை மாறும். அதனால் அதைத் துல்லியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எண்ணிக்கையைவிட முக்கியம், எதை எடுத்தார் என்பது. இரண்டு உதாரணம் சொல்கிறேன். குட்இயர் நிறுவனம் ஒஹாயோவின் ஆக்ரனில் எஃப்2ஜி என்ற கோர்ஸேர் வகையைக் கட்டியது. 28 சிலிண்டர் கொண்ட, 3,000 குதிரைத்திறன் தரும் பிராட் அண்ட் விட்னி ஆர்-4360 இன்ஜினை ஒரு சண்டை விமானத்தின் மூக்கில் பொருத்தியிருந்தார்கள். போர் முடிந்ததால் மொத்தமே 10 விமானங்களோடு உற்பத்தி நின்றது. அதில் 74 என்ற பந்தய எண் கொண்ட விமானத்தை ஓட்டித்தான் குக் கிளீலண்ட் என்ற முன்னாள் கடற்படை விமானி 1947-இல் கிளீவ்லாந்து விமானப் பந்தயத்தின் தாம்சன் கோப்பையை வென்றார். சராசரி வேகம் மணிக்கு 396 மைல், அதாவது ஏறக்குறைய 637 கிலோமீட்டர். 1949 பந்தயத்தில் ஒரு விமானம் வீட்டின் மேல் விழுந்து, தாயும் குழந்தையும் விமானியும் இறந்துபோனார்கள். அதோடு கிளீவ்லாந்தில் அந்தப் பெரிய பந்தயங்கள் நின்றுபோயின. கலந்துகொள்ள விமானப் பந்தயமும் இல்லை, சும்மா ஓட்டினால் எரிபொருள் செலவும் கட்டுப்படியாகாது என்ற நிலையில் அந்த விமானங்கள் கேட்பாரற்றுப் போயின. 74-ஆம் எண் சோப்லாட்டாவின் கொல்லைக்கு வந்தது.

இன்னொன்று பி-36. ஆறு புரொப்பெல்லர் இன்ஜின்கள் கொண்ட, 70 மீட்டர் இறக்கை அகலம் கொண்ட குண்டுவீச்சு விமானம். அதன் முன்மாதிரிகளில் ஒன்றான ஒய்பி-36, 1947 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்தது. பிறகு ஒஹாயோவில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தின் கையிலேயே இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் அருங்காட்சியகம் புது இடத்துக்கு மாறியபோது, தன்னிடம் இருந்த பிந்தைய வகை பி-36 ஒன்றை வைத்துக்கொண்டு இந்த முன்மாதிரியைக் கழித்துவிட்டது. வெட்டப்பட்ட துண்டுகளைச் சோப்லாட்டா வாங்கி லாரி லாரியாகக் கொல்லைக்குக் கொண்டுவந்தார். அரசாங்க அருங்காட்சியகம் கைவிட்டதை ஒரு தச்சர் எடுத்து வைத்தார் என்பதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். 'கெடுத்துவிட்டார்' என்று சொல்பவர்கள் இந்தச் சம்பவத்தை ஏனோ சொல்வதே இல்லை.

சரி, கொல்லையில் வைத்தபின் என்ன ஆகும்? இங்கேதான் என் தொழில் வருகிறது. அந்தக் கால விமானத்தின் உடம்பில் பெரும்பகுதி செம்பு கலந்த அலுமினியக் கலவை. இன்று 2024 என்று சொல்வதன் முன்னோடி. செம்பு சேர்த்தால் வலு கிடைக்கும், ஆனால் அரிப்பைத் தாங்கும் குணம் குறையும். அதனால் தகட்டின் இரண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய படலமாக ஒட்டி உருட்டுவார்கள். அந்தப் படலம் கீறாமல் இருக்கும்வரை தகடு ஆச்சரியமான அளவுக்குத் தாங்கும். எழுபது வருடம் மழையில் நின்ற தோல்தகட்டைத் துடைத்துப் பார்த்தால் பளபளவென்று இருப்பது உண்டு. படங்களில் வெளித்தோலைப் பார்த்து 'எல்லாம் போச்சு' என்று முடிவு கட்ட வேண்டாம். அதேபோல் 'நன்றாக இருக்கிறது' என்றும் முடிவு கட்ட வேண்டாம். ஆபத்து தோலில் இல்லை.

அது இருப்பது உள்ளே, தகடும் தகடும் சேரும் இடுக்குகளில், ரிவெட் தலைகளின் அடியில், இறக்கையின் உள்ளே நீளவாட்டில் ஓடி அதைத் தாங்கும் உத்திரமான ஸ்பாரில். ஸ்பாரின் விளிம்புகள் கனமான வார்ப்பிலிருந்து பிதுக்கி இழுத்துச் செய்தவை. அவற்றுக்கு அந்தச் சுத்த அலுமினியப் பாதுகாப்புப் படலம் கிடையாது. இழுத்த திசையில் உலோகத்தின் மணிகள், அதாவது அதன் நுண்ணிய படிகங்கள், நீண்டு படுத்திருக்கும். ஈரம் ஒரு துளை வழியாகப் புகுந்தால், அரிப்பு அந்த மணிகளின் இடைவெளியில் பக்கவாட்டில் ஓடும். அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொடிக்கு மூல உலோகத்தைவிட இடம் அதிகம் வேண்டும். அது உள்ளிருந்தே நெம்பி, கனமான உலோகத்தை பரோட்டா மாதிரி அடுக்கு அடுக்காகப் பிரித்துவிடும். பிரிந்த ஸ்பாரைச் சரிசெய்ய முடியாது. புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது எதிரி, வேறு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருப்பது. எஃகு போல்ட், அலுமினியத் தகடு, நடுவில் மழைத் தண்ணீர்: ஒரு சின்ன பேட்டரி தயார். கரைவது அலுமினியம். மக்னீசியம் இருந்தால் அது முதலில் கரையும். அந்தக் காலச் சக்கரங்கள், இன்ஜின் மூடிகள், கியர்பெட்டிக் கூடுகள் பலவும் மக்னீசியம். பி-36-இன் தோலிலும் மக்னீசியத் தகடு நிறைய உண்டு. சக்கரம் மண்ணில் புதைந்து நின்றால் சில வருடங்களிலேயே கையால் உடைத்து எடுக்கும் அளவுக்குப் போய்விடும். அப்புறம் இலைச் சருகு. மரத்தடியில் நிற்கும் விமானத்தின் இறக்கை மடிப்புகளில் சருகு சேர்ந்து மக்கி, ஈரப்பஞ்சு மாதிரி வருடம் முழுக்கத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். எலி, அணில், பறவை உள்ளே கூடு கட்டும். அவற்றின் கழிவு அலுமினியத்துக்கு மிக மோசமான மருந்து. நியூபரி ஈரி ஏரிக்கு அருகே, கடும் பனி கொட்டும் பகுதி. பனி உருகுவதும் உறைவதும் மாறி மாறி நடக்கும்போது இடுக்கில் நின்ற தண்ணீர் விரிந்து இடுக்கை இன்னும் திறக்கும். அமெரிக்க ராணுவம் பழைய விமானங்களை அரிசோனாப் பாலைவனத்தில் நிறுத்தி வைப்பது இதனால்தான். காற்றில் ஈரமே இல்லாத அந்த இடத்தில் ஐம்பது வருடத்தில் ஆகாத கேடு, ஒஹாயோ கொல்லையில் பதினைந்து வருடத்தில் ஆகிவிடும் என்பது என் கணிப்பு. இது அளந்து சொன்ன எண் இல்லை, அனுபவத்தில் சொல்வது.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது: கொண்டுவரும்போது எப்படி வெட்டினார்கள் என்பது. இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் போல்ட்டைக் கழற்றிப் பிரித்திருந்தால் விமானம் பிழைத்தது மாதிரிதான். போல்ட் இறுகிப்போய், நேரமும் இல்லாமல், கேஸ் கட்டர் வைத்து ஸ்பாரையே அறுத்திருந்தால் அந்த நொடியிலேயே அதன் பறக்கும் ஆயுள் முடிந்தது. இரும்புக் கடைக்காரர்கள் செய்வது இரண்டாவது வேலை. சோப்லாட்டா பல விமானங்களைப் பொறுமையாகக் கழற்றியே கொண்டுவந்திருக்கிறார். பி-36 மாதிரி ஏற்கனவே வெட்டுப்பட்டு வந்தவையும் உண்டு. அந்த பி-36 மறுபடி பறக்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு மூக்குப் பகுதியாக, ஒரு காக்பிட்டாக மீட்டுக் காட்சிக்கு வைக்கலாம். அதுவும் பெரிய காரியம்தான்.

'ஏதாவது பறக்குமா' என்பதற்குக் கணிப்பே தேவையில்லை, நடந்த கதையே இருக்கிறது. அந்தக் கொல்லையில் எக்ஸ்பி-82 ட்வின் மஸ்டாங் கிடந்தது. மஸ்டாங் என்ற சண்டை விமானத்தின் இரண்டு உடல்களை நடு இறக்கையால் இணைத்த மாதிரியான விமானம், அந்த வகையின் முன்மாதிரிகளில் ஒன்று. 2008-இல் டாம் ரெய்லி என்ற மீட்பு நிபுணர் அதை வாங்கி, ஜார்ஜியா மாநிலத்தின் டக்ளஸ் ஊரில் வைத்து வேலையைத் தொடங்கினார். பத்து வருடங்களுக்கு மேல் ஆயிற்று. அந்த விமானத்தின் இரண்டு இன்ஜின்களும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் சுழல வேண்டும். அதில் பொருத்தும் மெர்லின் என்ற இன்ஜினில் எதிர்ச் சுழற்சி வகை உலகத்திலேயே கிடைப்பது அரிது. கடைசியில் மெக்சிகோ நகரத்தில் ஒரு கார் கொட்டகையில் கிடைத்தது. இல்லாத பாகங்களைப் பல இடங்களிலிருந்து தேடிச் சேர்த்தார்கள், கிடைக்காததைப் புதிதாகச் செய்தார்கள். 2018 டிசம்பர் 31 அன்று, ஓடுபாதையில் வேகச் சோதனைக்காக ஓட்டியபோது அது தரையைவிட்டு எழும்பியே விட்டது. அடுத்த வருடம் ஆஷ்காஷ் விமானத் திருவிழாவில் போருக்குப் பிந்தைய விமானங்கள் பிரிவில் முதல் பரிசு. ட்வின் மஸ்டாங் வகையில் மொத்தம் 270 சொச்சம் கட்டப்பட்டு, இன்று மிஞ்சியிருப்பவை கைவிரல்களுக்குள் அடங்கும். அவற்றில் ஒன்று மறுபடி வானத்துக்குப் போனதற்கு முதல் காரணம், உலைக்குப் போகாமல் அதைப் பிடித்து வைத்த மனிதர்.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இப்படி மீண்டு பறக்கும் விமானத்தில் அன்றைய உலோகம் எவ்வளவு, இன்று செய்தது எவ்வளவு என்பது ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். சில மீட்புகளில் பழைய விமானத்திலிருந்து வருவது அடையாளத் தகடும் கொஞ்சம் பாகங்களும் மட்டுமே; மற்றதெல்லாம் புதுசு. அதற்காக மீட்பே பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அரித்துப்போன ஸ்பார்கூட வீணில்லை. அதன் துளைகளின் இடைவெளி, வளைவு, தகட்டின் கனம் எல்லாவற்றையும் அதிலிருந்து அளந்து புதியதைச் செய்யலாம். வரைபடம் காணாமல் போன விமானத்துக்கு அந்தச் சிதைந்த பாகம்தான் வரைபடம். உள்ளே தொழிற்சாலையில் முத்திரை குத்திய எழுத்துகள், முதலில் அடித்த பெயின்ட்டின் நிறம், போர்க்களத்தில் அவசரமாகப் போட்ட ஒட்டு, இவையெல்லாம் கொல்லையில் தொடாமல் கிடந்த விமானத்தில் அப்படியே இருக்கும். பளபளப்பாக மீட்கப்பட்ட விமானத்தில் பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும். ஆராய்ச்சி செய்பவர்களுக்குச் சில சமயம் அழுக்கு விமானமே அதிக மதிப்புள்ளது.

மீட்டுப் பறக்க வைப்பது எப்போதும் மேலான முடிவு என்றும் நான் நினைக்கவில்லை. மேலே சொன்ன 74-ஆம் எண் கோர்ஸேர் பின்னாளில் அழகாக மீட்கப்பட்டு மறுபடி பறந்தது. 2012 செப்டம்பரில் வடக்கு டகோட்டாவில் விழுந்து நொறுங்கியது. அதை ஓட்டிய, மீட்பு வேலைக்கே பேர்போன விமானி இறந்துபோனார். பத்தே பத்து கட்டப்பட்ட வகையில் ஒன்று அப்படிப் போனது. ஈரமும் எலியும் பல வருடம் முயன்று செய்ய முடியாததை ஒரு பறப்பு சில நொடியில் செய்துவிட்டது. பறக்க வைப்பவர்களைக் குறை சொல்லவில்லை. இன்ஜின் சத்தம் கேட்காமல் அந்த விமானத்தை முழுசாகப் புரிந்துகொள்ள முடியாது என்று அவர்கள் சொல்வதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிகச் சிலவே மிஞ்சிய வகை என்றால், என் ஓட்டு கூரைக்கு அடியில் நிறுத்துவதற்குத்தான்.

இப்போது சோப்லாட்டா மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அவர் லேசில் விற்க மாட்டார், பலரைப் படமெடுக்கவும் விட மாட்டார். 1970-களுக்குப் பிறகு பழைய போர் விமானங்களுக்கு மதிப்பு ஏறியது. பணமும் கூரையும் தொழிலாளர்களும் கொண்ட ஆட்கள் வந்து கேட்டார்கள். அவர் சிலவற்றைக் கொடுத்தார், பலவற்றை மறுத்தார். அந்த வருடங்களில் சில விமானங்கள் மீட்கக்கூடிய நிலையிலிருந்து மீட்க முடியாத நிலைக்கு நழுவியிருக்கும். எது எது, எப்போது என்று யாராலும் படம் பார்த்துச் சொல்ல முடியாது. எடி கரன்ட், எக்ஸ்ரே, சாயச் சோதனை என்று உலோகத்தின் மறைந்த விரிசலையும் அரிப்பையும் காட்டும் சோதனைகளை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் என் தீர்ப்பு காலத்தைப் பொறுத்தது. 1947-இலிருந்து இருபது இருபத்தைந்து வருடம் அவர் செய்ததை வேறு யாரும் செய்யவில்லை, அது முழுக்க முழுக்க மீட்பு. அதற்குப் பிந்தைய மறுப்புகளில் சிலவற்றுக்கு விமானங்கள் விலை கொடுத்தன. ஆனால் ஊரெல்லாம் குப்பை என்றதைத் தன் கூலிக் காசில் வாங்கிய ஒருவரிடம், திடீரென்று விலை ஏறியதும் 'கொடுத்துவிடு' என்று கேட்கிறவர்களை அவர் நம்பாததில் எனக்கு வியப்பில்லை. கேட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் கூரை போட்டிருப்பார்கள், எத்தனை பேர் பாகம் பாகமாக விற்றிருப்பார்கள்?

இதோடு ஒப்பிட நம் நாட்டிலேயே ஒரு கதை உண்டு. போர் முடிந்து பிரிட்டிஷார் கிளம்பும்போது கான்பூரில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை மறுபடி பறக்கக் கூடாதென்று வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். 1948-இல் பெங்களூரின் அரசு விமான நிறுவனமான எச்ஏஎல் ஆட்கள் அந்தக் குப்பைக் கிடங்கிலிருந்தே 40-க்கும் மேற்பட்ட விமானங்களைத் தட்டிக்கொட்டி எழுப்பினார்கள். ஜாம்ஷெட் முன்ஷி என்ற சோதனை விமானி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். அங்கே முழுப் பழுது பார்த்த பிறகு, இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை ஓட்டியது. உலகில் 18,000-க்கு மேல் கட்டப்பட்ட அந்த வகையில் மிஞ்சியவை மிகக் கொஞ்சம். பிரிட்டன், கனடா, அமெரிக்கா என்று பல அருங்காட்சியகங்களில் இன்று நிற்பவற்றில் சில இந்தியாவிலிருந்து போனவை. வித்தியாசம் என்னவென்றால், கான்பூர் விமானங்கள் கிடங்கில் கிடந்தது இரண்டு மூன்று வருடம்தான். ஈரம் ஸ்பாருக்குள் இறங்குவதற்குள் கை வைத்துவிட்டார்கள்.

கடைசியாக, கல்லூரி வாசல் விமானங்கள். நம் கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் பருவமழையும் சேர்வதால் ஒஹாயோவைவிட நிலைமை மோசம். பொறுப்பில் இருப்பவர்களுக்கு நீங்கள் எழுதுவதாக இருந்தால், புது பெயின்ட் அடிக்கச் சொல்லாதீர்கள். அரிப்பின் மேல் பெயின்ட் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகத்தான் ஆகும், முதலில் இருந்த குறியீடுகளும் போய்விடும். விமானத்தின் வயிற்றுப் பக்கம் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். பெயின்டும் மண்ணும் அடைத்த அந்தத் துளைகளைத் திறக்கச் சொல்லுங்கள். செலவே இல்லாத வேலை, ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய பலன். சக்கரம் தரையில் படாமல் தாங்கி வைக்க வேண்டும். காற்று உள்வாங்கும் வாய்களுக்கு வலை போட வேண்டும், பறவை புகக் கூடாது. மேலே நிழல்தரும் மரம் இருந்தால் கிளையை வெட்டுங்கள், அல்லது விமானத்தை நகர்த்துங்கள். பழைய காலத்து விமானமாக இருந்து, காக்பிட்டில் இருட்டில் ஒளிரும்படி பூசிய முள்காட்டிகள் இருந்தால் மாணவர்களைக் கை வைக்க விடாதீர்கள். அந்தப் பூச்சு ரேடியமாக இருக்கலாம். ஒளிர்வது எப்போதோ நின்றிருக்கும், ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருடம், கதிர்வீச்சு அப்படியேதான் இருக்கும். கண்ணாடி உடைந்திருந்தால் தூசி வெளியே வரும். அணு சக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தெரிவித்து, தெரிந்த ஆட்களை வைத்து அளந்த பிறகே அந்தக் காக்பிட்டைத் திறக்க வேண்டும்.